காவலுக்கு வந்த துப்பாக்கி

2024 நவம்பர்ல பல்லடத்துப் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டுல ஒரே குடும்பத்துல மூணு பேரைக் கொன்னுட்டாங்க. 2025 ஏப்ரல் கடைசியில சிவகிரிப் பக்கம், தோட்டத்துல தனியா இருந்த வயசான புருசன் பொஞ்சாதி. ரெண்டும் பேப்பர்ல வந்தது, நீங்களும் படிச்சிருப்பீங்க. அதுக்கப்புறம் எங்க பக்கம் டீக்கடையில, பால் ஊத்தற எடத்துல, சொசைட்டி வாசல்ல எல்லாம் ஒரே பேச்சுதான். தோட்டத்து வீட்டுக்காரங்களுக்குத் துப்பாக்கி லைசென்ஸ் குடுக்கோணும்னு. சென்னையில இருக்கற ஒரு நண்பர் போன் பண்ணி, "முன்னாடியெல்லாம் உங்க ஊர்ல வீட்டுக்கு வீடு துப்பாக்கி இருந்துச்சாமே, நெசமா?"ன்னு கேட்டாரு.

வீட்டுக்கு வீடு இருந்ததில்லைங்க. ஆனா இருந்துச்சு. எப்படி வந்துச்சு, எதுக்கு வந்துச்சு, எப்படிப் போச்சுங்கறதுல நம்ம நாட்டுச் சரித்திரமே கொஞ்சம் அடங்கியிருக்கு. அதைத்தான் இன்னிக்கு எழுதறேன்.

முதல்ல தோட்டத்து வீடுன்னா என்னன்னு டவுன்காரங்களுக்குச் சொல்லிடறேன். தஞ்சாவூர்ப் பக்கம் மாதிரி தெருவா வீடு கட்டி, காலையில வயலுக்குப் போயிட்டு சாயங்காலம் திரும்பற பழக்கம் கொங்குல கம்மி. கெணறு எங்கியோ அங்கியே வீடு. சாளைன்னும் சொல்லுவோம். சுத்தியும் காடு, நடுவுல ஒரு வீடு, பக்கத்து வீடு ரெண்டு மூணு பர்லாங்கு தள்ளி. சத்தம் போட்டா கேக்கற தூரம், அவ்வளவுதான். அந்தக் காலத்துல ஒரு சாளையில பதினஞ்சு பேர் இருப்பாங்க. பண்ணயத்து ஆளுங்க, பட்டி காக்கற பையன், நாலு நாயி. இன்னிக்கு ரெண்டு பேர், அதுவும் எழுபது வயசுக்கு மேல. இதை மனசுல வெச்சுக்கோங்க, பின்னாடி வருது.

சினிமாவுல ஜமீன்தார் செவுத்துல மாட்டியிருக்கற இரட்டைக்குழல் துப்பாக்கியை எடுத்து ஒடைச்சு ரெண்டு தோட்டா போடுவாரு பாருங்க, அது ஒரு வகை. ஊருக்கு ஒருத்தர் வெச்சிருந்தாலே பெருசு. மணியகாரர், பட்டக்காரர், பெரிய பண்ணயக்காரர் வீட்டுல இருக்கும். அதிகமா இருந்தது இன்னொரு வகை. குழல் வாய் வழியா மருந்தைக் கொட்டி, கம்பியில கெட்டிச்சு, மேல குண்டு போட்டு, கேப்பு வெச்சுச் சுடறது. நாட்டுத் துப்பாக்கின்னு பேப்பர்ல எழுதறது இதைத்தான். ஒரு தடவை சுட்டா மறுபடி கெட்டிக்கறதுக்குள்ள பன்னி பக்கத்து ஊருக்குப் போயிரும். மழையில நனைஞ்சா கேப்பு மட்டும் டப்புனு வெடிக்கும், துப்பாக்கி சும்மா இருக்கும். எங்க அப்பாரு வெச்சிருந்தது இதுதான். வெள்ளாமைக் காவலுக்குன்னு லைசென்ஸ் வாங்கினது.

இந்தக் "காவல்"ங்கற வார்த்தைக்கு ஒரு கதை இருக்கு. இருநூத்தம்பது வருசம் பின்னாடி போகோணும்.

அன்னிக்குப் போலீஸ்னு ஒண்ணு கெடையாது. தெற்கே பாளையக்காரங்க காலத்துல காவல் ஒரு உரிமை, அதுக்கு ஒரு கூலி. ஊருக்குள்ள திருட்டுப் போகாமப் பாத்துக்கறது ஸ்தலக்காவல். ஒரு பெரிய வட்டாரத்துக்கே பாளையக்காரர் பொறுப்பு எடுத்துக்கறது திசைக்காவல், தேசக்காவல்னும் சொல்லுவாங்க. திருட்டுப் போனா காவல்காரன் கண்டுபிடிச்சுக் குடுக்கோணும், இல்லைன்னா நட்டத்தைக் கட்டோணும். அதுக்குக் குடியானவன் களத்துலயே தானியமா அளந்து குடுப்பான். ஆயுதம் காவல்காரன் கையில இருந்துச்சு. நீள ஈட்டி, வளரி, கொஞ்சம் திரித்துப்பாக்கி. ஜேம்ஸ் வெல்ஷுனு ஒரு கம்பெனி அதிகாரி, தனக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் கத்துக் குடுத்தது மருது பாண்டியருன்னு தன்னோட நினைவுக் குறிப்புல எழுதி வெச்சிருக்காரு. அப்புறம் அதே மருது பாண்டியரை எதிர்த்துப் போன படையிலயும் அவரு இருந்தாரு.

1799 அக்டோபர் 16 கட்டபொம்மனைக் கயத்தாறுல தூக்குல போட்டாங்க. 1801 அக்டோபர் 24 மருது சகோதரர்களைத் திருப்பத்தூர்ல. அதுக்கப்புறம் வெள்ளைக்காரன் செஞ்ச ஒரு வேலையைப் பள்ளிக்கூடப் புத்தகம் ஒரு வரியில முடிச்சிடும். 1801 டிசம்பர் 1-ஆம் தேதி மதராஸ் கவர்னர் எட்வர்டு கிளைவு ஒரு பிரகடனம் போட்டாரு. கோட்டைகளை இடி, ஆயுதங்களை ஒப்படை, இனிமே வெச்சிருந்தா குத்தம். ஊர் ஊராப் பிடுங்கினாங்க. எனக்கு இதுதான் பெரிய திருப்பமாத் தெரியுது. அதுக்கு முந்தின நாள் வரைக்கும் காவல் நம்ம ஊர்க்காரன் வேலை. அன்னியிலிருந்து அது சர்க்கார் வேலை. நம்ம ஆளு காவல் காக்கோணும்னா சர்க்கார்கிட்டக் கேக்கோணும்.

ஆனா ஆயுதத்தைப் பிடுங்கின வேகத்துல காவலைக் குடுக்க அவங்களால முடியலை. ஒரு ஸ்டேஷனுக்கு எத்தனை ஊரு, எத்தனை மைலு. அதனால பழைய காவல் முறை மதுரை, திண்டுக்கல், திருநெல்வேலிப் பக்கம் அடுத்த நூறு வருசமும் ஓடிட்டேதான் இருந்துச்சு, சட்டத்துக்கு வெளியில. அதுல ஒரு விபரீதமும் சேந்துக்கிச்சு. காவல் கூலி குடுக்காதவன் வீட்டு மாடு காணாமப் போகும். "துப்புக் கூலி"ன்னு ஒரு தொகை குடுத்தா, இன்ன எடத்துல மேயுதுன்னு துப்பு கெடைக்கும். காத்தவனும் எடுத்தவனும் ஒருத்தனேன்னு குடியானவங்க கொதிச்சு, 1896-ல திண்டுக்கல் பக்கம் நிதி திரட்டி "பண்டு"ன்னு சங்கம் மாதிரி சேந்து காவல்காரங்களையே வெரட்டினாங்க. பழைய காலத்துக் காவலைப் பொற்காலமாட்டம் பேசறவங்க இந்தத் துப்புக் கூலியையும் சேத்துப் பேசோணும். அதே சமயம், அந்தக் காவல் வேலையை ஒரு சாதியோட குத்தமா எழுதி, குற்றப்பரம்பரைச் சட்டத்துல பிறமலைக் கள்ளரைச் சேத்து ரேகை வெக்கச் சொன்னதும், அதை எதிர்த்த பெருங்காமநல்லூர் சனங்களை 1920 ஏப்ரல் 3 போலீஸ் சுட்டதும் இதே கதையோட தொடர்ச்சிதான். காவலன்னு பேர் வாங்கினவங்களே நூறு வருசத்துல குத்தவாளியாப் பதிவானாங்க.

துப்பாக்கிக்கு வருவோம். 1857 கலகத்துக்கு அப்புறம் வெள்ளைக்காரனுக்கு நம்ம கையில இருக்கற ஒவ்வொரு குழலும் கண்ணுல குத்துச்சு. 1878-ல லிட்டன் பிரபு வைஸ்ராயா இருந்தப்ப ஆயுதச் சட்டம் வந்துச்சு. இந்தியனுக்கு லைசென்ஸ் கட்டாயம். ஐரோப்பியனுக்கு விலக்கு. ஒரே ஊர்ல எஸ்டேட் தொரை கேட்டுக் கேள்வியில்லாம துப்பாக்கி வெச்சிருப்பான், பக்கத்துலயே காட்டுப்பன்னிகிட்ட ராகியைப் பறிகுடுக்கற குடியானவன் மனு எழுதிட்டுத் தாலுக்கா ஆபீஸ் வாசல்ல நிப்பான். காங்கிரஸ் மகாசபையோட மூணாவது மாநாடு 1887-ல நம்ம மெட்ராஸ்லதான் நடந்துச்சு, பத்ருதீன் தியாப்ஜி தலைமையில. ஆயுதச் சட்டத்தோட கஷ்டத்தைச் சொல்லித் தீர்மானம் போட்டாங்க. அந்த இனப் பாகுபாட்டை எடுக்க 1920 ஆயிப்போச்சு.

இதுல ஒரு விதிவிலக்கு நமக்குப் பக்கத்துலயே இருக்கு, குடகு. 1861-ல கமிஷனரா இருந்த மார்க் கப்பன், விசுவாசமா இருந்தாங்கன்னு குடகுக்காரங்களுக்கு ஆயுதச் சட்டத்துலருந்து விலக்குக் குடுத்தாரு. குடவ இனத்தாருக்கும் ஜம்மா நிலம் வெச்சிருக்கறவங்களுக்கும் அந்த விலக்கு இன்னும் ஓடுது. 2019-ல மத்திய சர்க்கார் அதை 2029 வரைக்கும் நீட்டிச்சிருக்கு. வருசா வருசம் கைல்போதுன்னு ஒரு பண்டிகை, அன்னிக்குத் துப்பாக்கிக்குப் பூ வெச்சுக் கும்புடுவாங்க. நாம ஆயுத பூசைக்கு ஏர்க்கலப்பைக்கும் மோட்டாருக்கும் சந்தனம் வெக்கற மாதிரி. எங்க அப்பாரும் அன்னிக்கு மட்டும் துப்பாக்கியை வெளிய எடுத்து, எண்ணெய் போட்டுத் தொடைச்சு, கடப்பாரைக்கும் மம்முட்டிக்கும் நடுவுல சாத்தி வெப்பாரு. எங்களைத் தொட விடமாட்டாரு.

சுதந்திரம் வந்து, பழைய சட்டத்தை எடுத்துட்டு 1959-ல புதுச் சட்டம் போட்டாங்க. 1962 அக்டோபர் 1-லருந்து அமல். இதோட 13-வது பிரிவை நான் ஒரு வக்கீல் நண்பர்கிட்ட வாங்கிப் படிச்சேன். உயிர் பாதுகாப்புக்கோ விளையாட்டுக்கோன்னா, 20 அங்குலத்துக்குக் கொறையாத குழல் இருக்கற, உள்ள வரியில்லாத துப்பாக்கிக்கு லைசென்ஸ். வெள்ளாமைக் காவலுக்குன்னா கெட்டிச்சுச் சுடற துப்பாக்கிக்கு லைசென்ஸ். அது பத்தாதுன்னு அதிகாரிக்குப் பட்டாத்தான் வேற துப்பாக்கி. பாருங்க, மனுசனைக் காக்கத் தோட்டாத் துப்பாக்கி, வெள்ளாமையைக் காக்க வாய்வழித் துப்பாக்கின்னு சட்டமே பிரிச்சு வெச்சிருச்சு. மணியகாரர் வீட்டுல ஒரு வகையும் எங்க அப்பாரு வீட்டுல ஒரு வகையும் இருந்ததுக்குக் காரணம் காசு மட்டுமில்லைங்க, இந்தப் பிரிவும்தான்.

மணியகாரர் வீட்டுத் துப்பாக்கி 12 போரு. அது என்ன 12னு நெறையப் பேருக்குத் தெரியாது. ஒரு பவுண்டு ஈயத்தைச் சமமா 12 உருண்டையா உருட்டினா ஒரு உருண்டை என்ன பருமன் வருமோ, அதுதான் குழலோட உள்விட்டம், சுமாரா 18.5 மில்லிமீட்டர். 16 போருன்னா 16 உருண்டை, அப்பக் குழல் சின்னது. நம்பர் கூடக் கூடக் குழல் கொறையும். அவரோடது பர்மிங்ஹாமுல செஞ்ச பழைய சீமைத் துப்பாக்கி. அவங்க அப்பா காலத்துல வாங்கினது.

அதைப் பழுது பாக்கக் கோயமுத்தூர்ல ஒரு துப்பாக்கிக் கடைக்கு எடுத்துட்டுப் போனப்ப எங்க அப்பா கூட நானும் போனேன், எனக்கு அப்ப பதினாலு வயசு. அங்க இருந்த மேஸ்திரி துப்பாக்கியைக் கையில வாங்கினதும் முதல்ல பாத்தது ரிப்பேரை இல்லை. குழலோட அடியில சின்னச் சின்னதாப் பொறிச்சிருந்த முத்திரையை. எந்தச் சோதனைச் சாலையில, எந்த மருந்துக்குச் சோதிச்சு அனுப்பினாங்கன்னு அதுலதான் இருக்கும். பழைய குழல்ல ரெண்டு வகை உண்டு. இரும்பு நாடாவைச் சுத்தி அடிச்சு ஒட்ட வெச்சுச் செஞ்சது ஒண்ணு, பாம்புச் சட்டை மாதிரி வரி வரியா அழகா இருக்கும். அது கரிமருந்துக் காலத்துது. புகையில்லா மருந்துத் தோட்டாவைப் போட்டா கிழிஞ்சு கையோட போயிரும். ஒரே இரும்புல கடைஞ்சது இன்னொண்ணு. அதுலயும் பழசுல தோட்டா உக்கார்ற எடம் ரெண்டரை அங்குலம்தான், இப்ப வர்ற தோட்டா ரெண்டே முக்கால். உள்ள போகும், ஆனா வெடிக்கறப்ப விரிய எடமில்லாம அழுத்தம் ஏறிரும். இதையெல்லாம் பாத்துட்டுத்தான் அவரு கட்டையில வந்த விரிசலைப் பத்தியே பேச ஆரம்பிச்சாரு. கட்டை சீமை வால்நட்டு மரம். அதுக்கு இங்க தேக்குல கட்டை போட்டா எடை கூடிரும், தோள்ல சரியா உக்காராதுன்னாரு. மேல கறுப்பு ஏத்தறது, குதிரைக்கு ஸ்பிரிங் மாத்தறது, மடக்கற எடத்து ஆட்டத்தை எடுக்கறது, இவ்வளவுதான் அவரு செய்வாரு.

மணியகாரர் ஒண்ணு கேட்டாரு. குழலைக் கொஞ்சம் வெட்டிக் கொறைச்சுத் தரமுடியுமா, வீட்டுக்குள்ள தூக்கறதுக்குச் சுளுவா இருக்குமேன்னு. மேஸ்திரி சிரிச்சுட்டு, "அய்யா, அதுக்கு நானும் உள்ள போகோணும், நீங்களும் உள்ள போகோணும்"னாரு. நெசந்தான். ஆயுதச் சட்டம் 6-வது பிரிவுப்படி தனி லைசென்ஸ் இல்லாம குழலைக் கொறைக்கக் கூடாது. பழுது பாக்கறதுக்கே லைசென்ஸ் இருக்கற கடைக்காரர்தான் பாக்கோணும். ஊர்க் கொல்லர் பட்டறையில தட்டி எடுக்கற வேலை இல்லை இது. தட்டி எடுத்தவங்க இருந்தாங்க, மாட்டினவங்களும் இருந்தாங்க.

இந்த எடத்துல அமெரிக்காவைப் பத்திச் சொல்லியே ஆகோணும். ஏன்னா துப்பாக்கி லைசென்ஸ் கேக்கற நம்ம பசங்க போன்ல பாத்துட்டு வந்து காட்டறது அங்கத்துப் பம்ப் துப்பாக்கியைத்தான். முன்கட்டையைப் பின்னாடி இழுத்து முன்னாடி தள்ளினா வெறும் தோட்டா வெளிய விழுந்து அடுத்தது உள்ள ஏறும். "சர்ரக் சர்ரக்"னு ஒரு சத்தம் வருமே, அதுதான். அதுவும் பொறந்தது குடியானவன் வீட்டுலதான். ஜான் பிரௌனிங்னு ஒருத்தரு, யூட்டா மாகாணத்துல துப்பாக்கி ரிப்பேர்க் கடைக்காரர் மகன். அவரு வரைஞ்சு குடுத்த வின்செஸ்டர் 1897 மாடல் 1957 வரைக்கும் பத்து லட்சத்துக்கு மேல வந்துச்சு. நம்ம மடக்குத் துப்பாக்கியில ஒண்ணு இல்லைன்னா ரெண்டு வெடி. அதுல அஞ்சு. அதே சமயம் நல்ல இரட்டைக்குழலை விட விலை கம்மி. வாத்துச் சுடறவன், காக்காய் வெரட்டறவன், கோழிக்கூண்டுக்கு வர்ற நரியைச் சுடறவன் எல்லாரும் வாங்கினான். முதல் உலகப் போர்ல அதே துப்பாக்கிக்குக் குழலைக் கொறைச்சு, மேல ஓட்டை போட்ட தகடு மாட்டி, முனையில கத்தி சொருகிப் பதுங்கு குழிக்கு அனுப்பினாங்க. இது மனுசத் தன்மையில்லாத ஆயுதம்னு 1918 செப்டம்பர்ல ஜெர்மனி எதிர்ப்புத் தெரிவிச்சுச்சு. விசவாயுவை விட்டவங்க சொல்லறாங்க பாருங்க. அமெரிக்கா ஏத்துக்கலை.

அப்புறம் 1950-ல ரெமிங்டன் 870 வந்துச்சு. 2009-ல ஒரு கோடியைத் தாண்டிச்சு. குழலைக் கழட்டி மாட்டறது அதுல ரொம்பச் சுளுவு. அதனால அங்க என்ன ஆச்சுன்னா, அப்பன் வேட்டைக்கு வெச்சிருந்த நீளக் குழல் பழசை மகன் எடுத்து, துரு நீக்கி, கட்டை மாத்தி, குட்டைக் குழல் மாட்டி, டார்ச்சு லைட்டு பொருத்தி, "வீட்டுக் காவலுக்கு"ன்னு படுக்கற ரூம்புல வெக்கறது ஒரு பெரிய பழக்கமாவே ஆயிருச்சு. அவங்களுக்கும் எல்லை உண்டு. 1934 சட்டப்படி 18 அங்குலத்துக்குக் கீழ போனா தனிப் பதிவு. அதுக்கு மேல அவன் இஷ்டம். நம்ம நாட்டுலயும் அரசுத் தொழிற்சாலையில பம்ப் துப்பாக்கி செய்யறாங்க. ஆனா சனங்களுக்கு அது தெரிய வந்தது வெள்ளாமைக் காவல்லயும் இல்லை, வீட்டுக் காவல்லயும் இல்லை. 2010-லருந்து காஷ்மீர்ல கூட்டத்து மேல சின்னக் குண்டு சுட்டு, எத்தனையோ பிள்ளைங்களுக்குக் கண்ணு போச்சே, அதுலதான்.

சரி, எங்க ஊருத் துப்பாக்கி வீட்டைக் காத்துச்சா? தீவட்டிக் கொள்ளைக் காலத்துல காத்துச்சுன்னு பெரியவங்க சொல்லுவாங்க. இன்ன வீட்டுல துப்பாக்கி இருக்குன்னு தெரிஞ்சா அந்தப் பக்கம் வரமாட்டாங்களாம். நான் நம்பறேன். ஆனா அந்த வீட்டுல துப்பாக்கி மட்டும் இல்லைங்க. பதினஞ்சு சனம், நாலு நாயி, களத்துல படுத்திருக்கற ஆளுங்க, கூப்புட்டா தடியோட ஓடியார்ற பக்கத்துச் சாளைக்காரங்க. இன்னிக்கு மூட்டு வலியில எந்திரிக்கவே முடியாத எழுபத்தஞ்சு வயசுக்காரர், ராத்திரி ஒரு மணிக்கு நாய் கொலைச்ச சத்தம் கேட்டு, பீரோ தொறந்து துப்பாக்கி எடுத்து, தனியா வெச்சிருக்கற தோட்டாவை எடுத்து, மடக்கி, போட்டு, வெளிய வந்து இருட்டுல யாருன்னு அடையாளம் பாத்து... எனக்கென்னமோ வந்தவன் கையிலதான் அந்தத் துப்பாக்கி போய்ச் சேரும்னு படுது. 2016 விதிப்படி லைசென்ஸ் கேக்கறவரு பயிற்சி எடுத்த சான்றும் காட்டோணும், பத்திரமா வெக்க ஏற்பாடும் வேணும். எங்க பக்கம் என்னோட இந்தக் கருத்துக்கு ஆதரவு கம்மி. இருக்கட்டும்.

இன்னொண்ணும் சொல்லணும், சொல்லாம விட்டா கதை அரைகுறை. துப்பாக்கி இருக்கற வீட்டு வாசல்ல நின்னு கூலி உயர்த்திக் கேக்கறது லேசில்லை. செவுத்துல தொங்கற அது ஒரு வார்த்தையும் பேசாது, ஆனா பேசும். 1968 டிசம்பர் 25 கீழ்வெண்மணியில 44 பேரைக் குடிசைக்குள்ள வெச்சு எரிச்சாங்களே, அன்னிக்கு வந்தவங்க கையில துப்பாக்கியும் இருந்துச்சு. லைசென்ஸ் யாருக்குக் கெடைச்சுதுங்கறதுக்கும் யாரு மேல அது நீண்டுச்சுங்கறதுக்கும் சம்பந்தம் உண்டு.

வெள்ளாமையைக் காத்துச்சான்னு கேட்டா, ஆமாங்க. அதுல எனக்குச் சந்தேகமே இல்லை. எங்க அப்பாரு வருசத்துல சுட்டது பத்துத் தடவை கூட இருக்காது. அதுலயும் பாதி வானத்தைப் பாத்து. பரண் மேல உக்காந்து தகர டப்பா தட்டறது, பந்தம் காட்டறது, கவண்ல கல்லு விடறது, இதெல்லாம் முடிஞ்சு கடைசிக்குத்தான் துப்பாக்கி. அந்தக் கரிமருந்துச் சத்தமும் புகையும் மலையடிவாரம் முழுக்கக் கேக்கும். பன்னிக் கூட்டம் ஒரு வாரத்துக்கு அந்தப் பக்கம் திரும்பாது. 1972-ல வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்ததுக்கு அப்புறம் சுடறதுக்கு வழியில்லை. லைசென்ஸ் புக்குல மட்டும் "வெள்ளாமைக் காவல்"னு எழுத்து நின்னுச்சு. காட்டுல எந்தச் சீவனும் அழியக் கூடாதுங்கறதுல எனக்கு மாற்றமில்லை. புலியும் மானும் கொறைஞ்சு போன காலத்துல வந்த சட்டம் அது. ஆனா காட்டுப்பன்னி வருசா வருசம் பெருகிட்டே வந்துச்சு. அது வேற கணக்கு.

அப்புறம் துப்பாக்கி தானாவே செத்துச்சு. மூணு வருசத்துக்கு ஒருக்காப் புதுப்பிக்கோணும் (2019 திருத்தத்துல அஞ்சு வருசம் ஆக்கினாங்க, கூடவே ஒருத்தருக்கு மூணு துப்பாக்கின்னு இருந்ததை ரெண்டாக் கொறைச்சுட்டாங்க). ஒவ்வொரு தேர்தலுக்கும் ஸ்டேஷன்ல ஒப்படைக்கோணும். எம்.பி. தேர்தல், எம்.எல்.ஏ. தேர்தல், உள்ளாட்சித் தேர்தல். ஒருக்கா ஒப்படைச்ச எங்க அப்பாரு துப்பாக்கி நாலு மாசம் கழிச்சு வந்தப்ப, ஈரச் செவுத்துல சாத்தியிருந்து குழல் பூராத் துரு, கட்டையில ஒரு சில்லு இல்லை. கேட்டதுக்கு, கெடைச்சதே பெருசுன்னு ஒரு ஏட்டு சொன்னாரு. அப்பாரு காலமானதும் அப்பா பேருக்கு மாத்தினோம். அப்பாவுக்கு அதுல ஆர்வம் இல்லை. சுடக் கூடாத துப்பாக்கிக்கு எதுக்கு வருசா வருசம் நடக்கோணும்னு 2000-க்குப் பின்னாடி சரண்டர் பண்ணிட்டாரு. ஒரு ரசீது குடுத்தாங்க. எங்க சுத்து வட்டாரத்துல அப்படிப் போனது பத்துக்கு மேல இருக்கும். மணியகாரர் பேரன் பெங்களூர்ல இருக்காரு, அந்த பர்மிங்ஹாம் துப்பாக்கி ஒரு கடையில வெப்புல கெடக்குதாம்.

துப்பாக்கி போன எடத்துல வந்தது என்ன தெரியுமா? அவுட்டுக்காய். பழத்துக்குள்ள, தீனிக்குள்ள வெடிமருந்து வெச்சுப் போடறது. பன்னி கடிச்சா வாய் போயிரும். யானைக்குட்டி கடிச்சாலும் போயிரும், மேய்ச்சலுக்குப் போன மாடு கடிச்சாலும் போயிரும். இன்னொண்ணு வேலியில நேரடியாக் கரண்டு விடறது. அதுல யானையும் சாகுது, தண்ணி பாய்ச்சப் போற மனுசனும் சாகறான். ரெண்டும் குத்தம், ரெண்டும் பாவம். எங்க அப்பாரு பரண்ல உக்காந்து எதைச் சுடறோம்னு பாத்துச் சுட்டாரு. இதுக ரெண்டுக்கும் கண்ணு கெடையாது.

கேரளாவுல 2022-ல ஒரு வழி பண்ணினாங்க. வெள்ளாமையை அழிக்கற பன்னியைச் சுட உத்தரவு குடுக்கற அதிகாரத்தைப் பஞ்சாயத்துத் தலைவர்கிட்டக் குடுத்துட்டாங்க. லைசென்ஸ் துப்பாக்கி இருக்கற ஆளைக் கூப்புட்டுச் சுடலாம். நம்ம தமிழ்நாட்டுல 2025 ஜனவரியில வனத்துறை அமைச்சர் சட்டசபையில வேற மாதிரி ஒரு முடிவைச் சொன்னாரு. காப்புக் காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள்ள சுடக் கூடாது. 1-லருந்து 3 கிலோமீட்டர் வரைக்கும் புடிச்சுக் காட்டுக்குள்ள விடோணும். 3 கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் வந்தா, பயிற்சி எடுத்த வனத்துறை ஆளுங்க சுடலாம். இங்க குடியானவன் கையில துப்பாக்கி இல்லை.

எங்க தோட்டம் காட்டு எல்லையிலிருந்து ரெண்டு கிலோமீட்டர். அதாவது புடிச்சுக் காட்டுல விடற கணக்கு. போன வாரம் மனு எழுதிக் குடுத்துட்டு வந்திருக்கேன். ராத்திரிக்கு நானும் தம்பி மகனும் மாத்தி மாத்தி டார்ச்சு அடிச்சுட்டு இருக்கோம். கல்லக்காய் புடுங்க இன்னும் இருபது நாள் இருக்கு.